எனிட் வீட்டு மூன்றாவது குழல்

கொத்தனார் பெர்சி ஏணியைச் சுவரில் சாய்த்ததுதான் தாமதம், எனிட் ஓல்ட்ராய்ட் வாசலுக்கு வந்து வழியை மறித்து நின்றாள். கை நிறைய ரொட்டி மாவு. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

"என் புகைபோக்கியில கை வச்சே, அப்புறம் நடக்கிறதே வேற."

"எங்கிட்ட ஏன்மா பாயறீங்க? வீட்டுச் சொந்தக்காரர் உங்க புகைபோக்கியை இடிக்கச் சொன்னார், வந்தேன். கூரை மட்டத்துக்கு இடிச்சு ஓடு போட்டு மூடணுமாம். ரெண்டு வீட்டுக்கும் மின்சார ஹீட்டர் தர்றாராம்."

"அந்த ஹீட்டர்ல அவர் ரொட்டி சுட்டுத் தின்னட்டும்."

வேக்ஃபீல்டுப் பக்கத்து மில் தொழிலாளர் வீடுகள் எல்லாமே ஒட்டிப் பிறந்தவை. எனிட்டுக்கும் பக்கத்து வீட்டு வில்ஃப் ஹெயின்ஸ்வொர்த்துக்கும் நடுச்சுவர் ஒன்று, அதன் உச்சியில் செங்கல் புகைபோக்கியும் ஒன்று. புகைபோக்கித் தலையில் ஆறு சுடுமண் குழல்கள், கிரீடம் வைத்தாற்போல விளிம்பெல்லாம் பல் வெட்டி, வரிசையாக நிற்கும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது எனிட் முதலில் அண்ணாந்து பார்த்தது அவற்றைத்தான். ஒவ்வொரு அறைக் கணப்புக்கும் ஒரு குழல்; அவள் பக்கம் மூன்று, வில்ஃப் பக்கம் மூன்று என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. போன நவம்பர் சூறைக்காற்றில் எனிட் பக்கத்து மூன்றாவது குழல் பெயர்ந்து, கீழே வில்ஃபின் எருக்குவியலில் மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்தது. ஒரு பல்கூட உடையவில்லை.

அவள் போய்க் கேட்டாள். வில்ஃப் கொடுக்கவில்லை.

"என் தோட்டத்துல விழுந்தது என்னுது. என் மண்டையில விழுந்திருந்தா வந்து கேட்டிருப்பியா?"

அதைக் கொண்டுபோய், தண்டைச் சமைத்துத் தின்னும் ருபார்ப் செடிமேல் கவிழ்த்து, மேல்வாயை ஓட்டால் மூடிவிட்டான். அந்த ஊரில் ருபார்ப் என்றால் விளையாட்டில்லை. குளிர்காலம் முழுக்க வெளிச்சம் படாமல் மூடி வைத்தால் தண்டு இளஞ்சிவப்பாக, வெண்ணெய் போல வளரும். ஒரு நாள் வெயில் பட்டாலும் நிறம் கெட்டுவிடும். வருகிற சனிக்கிழமை தோட்டக் கண்காட்சியில் முதல் பரிசு தனக்குத்தான் என்று வில்ஃப் மதுக்கடையில் மார்தட்டிக்கொண்டிருந்தான்.

குழல் போனால் போகட்டும், அந்தக் குழலுக்குரிய மாடி அறைக் கணப்பைத்தான் யாரும் மூட்டுவதில்லையே என்று எனிட்டும் விட்டுவிட்டாள். வினை அதற்கப்புறம்தான் வந்தது. வில்ஃபின் படுக்கையறையில் புகை நாற்றம். அவன் மனைவி மேபல் ராப்பகலாக இருமினாள். புகைபோக்கிக்குள்ளே சுவர் இடிந்துவிட்டது, எனிட்டின் அடுப்புப் புகை ஓட்டை வழியாக வந்து தன் மனைவியைக் கொல்கிறது என்று வில்ஃப் வீட்டுக்காரரிடம் போய் நின்றான். தெருவும் நம்பியது. இருபது வருஷமாகக் கூடவே உட்கார்ந்து தேநீர் குடித்த மேபலே முகம் கொடுக்கவில்லை. கணப்பு போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கொலைகாரி மாதிரி ஊர் பார்க்கிறதே, அதைத்தான் எனிட்டால் தாங்க முடியவில்லை.

"பெர்சி, உள்ளே சுவர் இடிஞ்சிருக்குன்னு நீ கண்ணால பார்த்தியா?"

"மேல ஏறினாத்தானே பார்க்க முடியும்?"

"அப்போ ஏறிப் பாரு. நான் ஒவ்வொரு கணப்பா ஈரக் காகிதம் கொளுத்தறேன். எந்தக் குழல்ல புகை வருதுன்னு சொல்லு. சுவர் இடிஞ்சிருந்தா ஒரே நேரத்துல ரெண்டு மூணு குழல்ல வரும். அப்படி வந்தா நீ இடி, நான் வாயே திறக்கல. இறங்கி வந்தா சூடா ரொட்டியும் பேக்கனும் இருக்கு."

பேக்கன் என்றதும் பெர்சி பாதி ஏணி ஏறியிருந்தான்.

சமையலறைக் கணப்பைக் கிளறினாள். "ரெண்டாவது குழல்! அது ஒண்ணுலதான்!" முன்னறையில் கொளுத்தினாள். "முதல் குழல்!" மாடிக்கு ஓடினாள். மூட்டாத அறைக் கணப்பில் காகிதத்தைத் திணித்துக் கொளுத்திவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"விழுந்த குழலோட ஓட்டைல வருதா?"

மேலே பெர்சியின் பூட்ஸ் ஓடுகளில் உராய்ந்து நகரும் சத்தம் கேட்டது.

"ஓட்டைல ஒண்ணும் வரல. நாலாவதுல வருது. வில்ஃப் பக்கத்துல!"

எனிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினாள்.

மேபல்தான் திறந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"என்னை அப்புறம் திட்டு. உன் படுக்கையறைக் கணப்புல ஒரு காகிதம் கொளுத்தணும்."

மேபல் எனிட்டை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள். இரண்டு பேருமாகக் கணப்பை மூடியிருந்த பலகையை எடுத்துவிட்டுக் கொளுத்தினார்கள்.

"ஓட்டைல வருது!" பெர்சி கத்தினான். "அது உங்க கணப்போட புகைவழி இல்ல, வில்ஃபோடது! கட்டினவன் உள்ளே ரெண்டு வழியையும் குறுக்கே வளைச்சு மாத்தி விட்டிருக்கான். சுவரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

தோட்டத்திலிருந்து சத்தம் கேட்டு வந்த வில்ஃப், மண்வெட்டியோடு கீழே நின்றான். "என்ன கூத்து இது?"

பெர்சி மேலேயே குந்தி உட்கார்ந்து கையால் காட்டினான். "இங்க பாருங்கய்யா. எனிட் அம்மா அடுப்புப் புகை ரெண்டாவதுல வருது. காத்து அடிச்சதும் அப்படியே மடங்கி, பக்கத்துல மொட்டையா கிடக்கிற ஓட்டைக்குள்ள இறங்குது. நேரா உங்க படுக்கையறைக்கு. அங்க குழல் நின்னிருந்தா புகை அதுக்கு மேலேயே போயிருக்கும்."

"அது அவ குழல்!"

"உன்னுதுதான் வில்ஃப்," என்றாள் எனிட். "நானும் தப்பாத்தான் நினைச்சேன். என்னுதுன்னு உங்கிட்ட வந்து கெஞ்சினேன் பாரு, என்னைச் சொல்லணும். உன் குழலை எடுத்து நீயே செடிக்குக் குல்லா போட்டுட்டு, உன் பெண்டாட்டி இருமலுக்கு என்னைக் கைகாட்டினே."

வில்ஃபின் முகத்தில் ஈயாடவில்லை. "சனிக்கிழமை கண்காட்சி," என்று முனகினான். "திங்கட்கிழமை வச்சுக்கலாமே."

"எனக்கு வேற நாள் கிடையாது," என்றான் பெர்சி. "இன்னிக்கே குழலை வைக்கணும், இல்லேன்னா இடிக்கணும்."

"அப்போ இடி," என்றான் வில்ஃப்.

எனிட் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைத் தூக்கிப் போட்டுட்டு இடிக்கச் சொல்லு. பார்க்கிறேன்."

அப்போதுதான் மேபல் வாசலுக்கு வந்தாள். படி இறங்குவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கதவுநிலையைப் பிடித்தபடி குனிந்து இருமினாள். மூச்சு திரும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளும் செடிக்கு வெளிச்சம் படுதான்னு காலையில எழுந்ததும் ஓடினே வில்ஃப். எனக்கு மூச்சு வருதான்னு ஒரு நாள் பார்த்தியா?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. வில்ஃப் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். தோட்டத்துக்குப் போனான். எனிட் எட்டிப் பார்த்தாள். அவன் முழங்காலிட்டுக் குழலைக் கட்டிப்பிடித்து அசைத்து உருவினான். உள்ளே அத்தனை தண்டுகளும் ரோஜா நிறத்தில் நின்றன. பட்டப்பகல் வெயில் அவற்றின்மேல் விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொடுங்கய்யா, நான் தூக்கறேன்," என்று பெர்சி இறங்கி வந்தான்.

"தள்ளுடா. நானே ஏறறேன்."

அறுபது வயசு ஆள், தோளில் குழலைப் போட்டுக்கொண்டு ஏறினான். எனிட்டுக்குப் பயமாகவும் இருந்தது, அவன்மேல் இருந்த கோபம் பாதி இறங்கவும் இறங்கியது. ஏணியை அவள்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெர்சி பின்னாலேயே ஏறிக் கலவை பூசிக் குழலை நிறுத்தினான்.

அப்புறம் எனிட் தன் சமையலறைக்குப் போய்க் கணப்பில் கரியை அள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டு மாடிப்படியில் வில்ஃபின் பூட்ஸ் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. படுக்கையறையில் அவன் குனிந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பான். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. தெருவே கேட்கும்படி வில்ஃப் கத்தினான்.

"எனிட்! என்ன கஞ்சத்தனம்? இங்க ஒரு பொட்டுப் புகை வாடை இல்ல, இன்னும் கொஞ்சம் கரி போடு!"