சகுந்தலா வரைந்த பஸ்

சகுந்தலா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் டிராயிங் போட்டவள். ஆபீஸ் காஞ்சன்பாக்கில். காலையில் பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள், சாயங்காலம் சோதித்து வெளியே விடுவார்கள். உள்ளே என்ன வரைகிறாள் என்று புருஷன் பக்தவத்சலத்துக்குத் தெரியாது. மகள் அஸ்வினிக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது அஸ்வினி, "அம்மா படம் வரைவாங்க" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் மறுநாளே சரஸ்வதி படம் ஒன்று வரைந்து தரச் சொல்லி சார்ட் பேப்பர் கொடுத்தனுப்பினார்.

உண்மையில் சகுந்தலாவுக்கே முழுசாகத் தெரியாது. அவளிடம் வருவது ஒரு வளையமோ, ஒரு தாங்கியோ. அது எதில் போய் உட்காரும் என்று கேட்கக் கூடாது. டிவியில் எப்போதாவது புகையைக் கக்கிக்கொண்டு ஒன்று மேலே போகும். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

2006-ல் ரிடையர் ஆனாள். சால்வை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அடுத்த வாரமே புருஷனிடம் சொன்னாள்.

"நான் வரைஞ்ச ஏதாவது ஒண்ணு முழுசா என் கண்ணு முன்னாடி நிக்கணுங்க. அதுக்குள்ள நான் போய் உக்காரணும்."

"வீடு கட்டலாம்கறியா? இருக்கற வீடு என்ன பண்ணுது?"

"வீடு எங்கயும் போகாது. நான் ஊர் சுத்தணும். ஆனா எந்த லாட்ஜ் பாத்ரூமுக்கும் போக மாட்டேன்."

பக்தவத்சலம் சிரித்தார். லாட்ஜ் பாத்ரூம் என்றால் அவளுக்கு எப்படி என்று அவருக்குத் தெரியும். திருப்பதிக்குப் போனால்கூடக் குளிக்காமல் திரும்பி வந்து, நாச்சாரம் வீட்டில்தான் குளிப்பாள். அவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லாரிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹெவி லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருந்தது. அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து செட்டிலான குடும்பம். ஊர் சுற்ற அவருக்கும் ஆசைதான். பஸ் ஒன்றை வாங்கி அதையே வீடாக்குவது என்று முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில் மல்லாபூரில் ஒரு காண்டிராக்டர் பழைய பஸ்களை விற்றுக்கொண்டிருந்தார். ஹைடெக் சிட்டிக்குச் சாஃப்ட்வேர் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்கள். கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஏசி பஸ்தான் வேண்டும் என்றுவிட்டதால் இவை வெயிலில் வரிசையாக நின்றன. பக்தவத்சலம் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, புகையைப் பார்த்து, அடியில் படுத்து எழுந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

பஸ் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அஸ்வினி ஆபீஸிலிருந்து வந்தாள். கச்சிபௌலியில் வேலை. பேங்க் ஒன்றுக்கான சாஃப்ட்வேரைச் சோதிக்கும் குழுவில் இருந்தாள்.

"என்னம்மா இது? இந்த மாதிரி பஸ்ல நான் மூணு வருஷம் போயிருக்கேன். ஸீட்டுல இருந்து ஸ்பிரிங் குத்தும். இதுலயா குடித்தனம்? சீரியஸா?"

"ஸீட்டெல்லாம் போயிடும்டி" என்றாள் சகுந்தலா. மாடி அறையில் டிராயிங் போர்டு ஏற்கெனவே ஏறியிருந்தது.

பாடி கட்டும் ஷெட் முகமது யூசுப்புடையது. வாணியம்பாடிக்காரர், நாற்பது வயசு இருக்கும், மல்லாபூரில் ஸ்கூல் பஸ் கட்டிக்கொடுப்பவர். முதல் நாள் அவர் எல்லாவற்றையும் பக்தவத்சலத்தைப் பார்த்தே கேட்டார்.

"கிச்சன் எந்தப் பக்கம் சார்?"

"அங்க கேளு" என்று பக்தவத்சலம் மனைவியைக் காட்டினார்.

சகுந்தலா சுருளைப் பிரித்து வைத்தாள். யூசுப் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு திருகாணிக்கும் அளவு போட்டிருந்தது. கதவு திறக்கும் வளைவுகூட இருந்தது.

"நம்ம ஷெட்ல சாக்பீஸ்ல தரையில கோடு போட்டுத்தான்கா கட்டுவோம்" என்றார். அன்றிலிருந்து கேள்விகள் எல்லாம் நேராக அக்காவிடம் வந்தன.

மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. ஸீட்டுகள் போயின. தகரத்துக்கு உள்ளே தெர்மகோல் வைத்து பிளைவுட் அடித்தார்கள். சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட். பின்னால் கட்டில், நடுவில் குளியலறை, அதற்குள் அவள் எத்தனையோ ஊர்களில் பார்க்க விரும்பிய வெள்ளைவெளேர் டைல்ஸ். தினமும் பஸ்ஸில் ஏறி, டேப் வைத்து அளந்துவிட்டு, மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பஸ்ஸை ஷெட்டுக்கு வெளியே எடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். பக்தவத்சலம் பின்னால் போய் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சகு, இங்க வா."

பஸ் இடது பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சமாக இல்லை. தொட்டி, கிரானைட், பாட்டரி, அலமாரி எல்லாமே இடது பக்கம். வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

யூசுப் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இடது பக்கம் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேத்துடலாம்கா. நேரா நின்னுடும்."

"நேரா நிக்கும். ஆனா கனம் இங்கதானே இருக்கும்? மலைப் பாதை வளைவுல வண்டி சாய்ஞ்சா பட்டையா வந்து பிடிக்கும்?"

அன்றைக்கு வீட்டில் பழைய தாளை எடுத்து விரித்தாள். ஆபீஸில் அவள் போட்ட எந்தத் தாளும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போனதில்லை. வரைந்தவர் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. இந்த பஸ் டிராயிங்கிலும் பழக்கத்தில் அந்தக் கட்டத்தைப் போட்டிருந்தாள். அது காலியாகவே இருந்தது.

மறுநாள் பஸ்ஸை எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். இடது சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, வலது சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. எடை மேடைக்காரர் இவர்களை விசித்திரமாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சகுந்தலா புதுத் தாளை ஒட்டினாள். தொட்டி தரைக்கு அடியில் நடுவில் போயிற்று. கிரானைட்டுக்குப் பதில் ஸ்டீல் தகடு. பாட்டரி வலது பக்கம்.

வரைந்து முடித்த ஞாயிற்றுக்கிழமை அஸ்வினியை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"உன் வேலையே தப்பு கண்டுபிடிக்கறதுதானே. இதுல கண்டுபிடி."

"எனக்கு பஸ்ஸைப் பத்தி என்ன தெரியும்மா?"

"பேங்கைப் பத்தி என்ன தெரியும் உனக்கு?"

அஸ்வினி சலித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காபி ஆறிப்போனது. விரலைத் தாளின் மேல் வைத்து, காலையில் எழுந்து நடப்பது மாதிரி கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். பாத்ரூம் கதவைத் திறந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்புறம் விரல் நின்றது.

"கேஸ் சிலிண்டர் நடுவுல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி தூங்கறீங்க. நடுவுல தீ பிடிச்சா எப்படி வெளிய வருவீங்க?"

சகுந்தலா தாளைப் பார்த்தாள்.

"பின்னாடி எமர்ஜென்ஸி கதவு இருந்துச்சே, எங்க?" என்றாள் அஸ்வினி.

"அதுக்கு மேலதான் துணி அலமாரி."

"அப்ப அலமாரியைத் தூக்கும்மா. தட்ஸ் இட். இது இல்லாம நான் ஓகே பண்ண மாட்டேன்."

சகுந்தலா மகளையே பார்த்தாள். இத்தனை நாள் இவள் ஆபீஸில் என்ன செய்கிறாள் என்று தானும் சரியாகக் கேட்டதில்லையே என்று தோன்றியது. எத்தனை கெட்டிக்காரச் சரிபார்ப்பாளர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒருவர்கூட இப்படித் தாளுக்குள் இறங்கி நடந்ததில்லை. நெஞ்சு நிறைந்து போயிற்று. ரப்பரை எடுத்து அலமாரியை அழித்தாள். மத்தியானத்துக்குள் புதுசாகப் போட்டுக் காட்டினாள். அஸ்வினி இன்னொரு தடவை விரலால் நடந்து பார்த்துவிட்டு, காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

யூசுப்பின் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒட்டியதைப் பிரிப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? யூசுப் புதுத் தாளை ஷெட் சுவரில் ஒட்டி, "முதல்ல பின் கதவைத் திறங்கப்பா" என்றார். தை பிறக்கும்போது பஸ் மறுபடி வெளியே வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர். பக்தவத்சலம் பின்னால் போய் நின்றார். இந்தத் தடவை கை தட்டினார். யூசுப் கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே போய் எல்லோருக்கும் இரானி டீ வாங்கி வந்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இளம் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏறிப் பார்த்தார். முதலில் பின் கதவைத்தான் திறந்தார். அப்புறம் அடுப்பு, வயரிங், சிலிண்டர் வைக்கும் பெட்டி. கீழே இறங்கி பக்தவத்சலத்திடம் கேட்டார், எந்தக் கம்பெனி டிசைன் என்று.

"அம்மாவும் பொண்ணும் கம்பெனி" என்றார் அவர் தெலுங்கில்.

இன்ஸ்பெக்டர் சகுந்தலாவைப் பார்த்தார். "மீரே வேசாரா அம்மா?" என்றார், நீங்களேதான் வரைந்தீர்களா என்று. அவள் தலையாட்டினாள். அவர் மறுபடி ஒரு தடவை ஏறி, இந்த முறை ஒன்றையும் சோதிக்காமல், சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினார். பயணிகள் பஸ் என்ற பதிவு வீட்டு வண்டி என்று மாறி வந்தது.

முதல் பயணம் ஸ்ரீசைலம். அஸ்வினி லீவு போட்டுவிட்டு வந்தாள். மலைப் பாதை வளைவுகளில் பக்தவத்சலம் கியரை இறக்கி இறக்கி ஓட்டினார். சகுந்தலா வேண்டுமென்றே ஸ்டீல் மேடைமேல் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். டம்ளர் நகர்ந்தது. ஒரு வளைவில் கொஞ்சம் சிந்தவும் செய்தது. விழவில்லை.

"டெஸ்ட் பாஸ்" என்றாள் அஸ்வினி.

அணைக்கட்டைப் பார்க்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சகுந்தலா சுடுதண்ணீரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உப்புமா கிளறினாள். வாசனைக்கோ என்னவோ, பக்கத்தில் நின்ற டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து பெண்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். கர்நூல் பக்கத்து டீச்சர்களாம். ஒருத்தி தயங்கித் தயங்கி, உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

"ரண்டம்மா, ரண்டி" என்று உள்ளே கூப்பிட்டாள் சகுந்தலா.

நாலு பேர் ஏறினார்கள். தொட்டி எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் என்ன, தண்ணீர் எப்படிச் சூடாகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பின் கதவுக்கு வந்ததும், "இது என் பொண்ணு வச்சது" என்றாள். அஸ்வினி வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள். அந்த நாலு பேர் இறங்கிப் போய்ச் சொன்னதில் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ஒரு லாரி டிரைவர். குழந்தையோடு ஒரு புது ஜோடி. பஸ் படியில் வரிசை நின்றது. சகுந்தலாவின் தொண்டை கட்டிப்போயிற்று. அவள் நிறுத்தவில்லை.

பக்தவத்சலம் ஓட்டுநர் ஸீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"சகு, மலை இறங்கணும். போலாமா?"

"இருங்க" என்றாள் அவள், கரகரத்த குரலில். "இவங்க இன்னும் பாத்ரூம் பாக்கலை."