வலதுபக்கத்து டிஸ்க்

பழைய பல்செட் குளியலறைத் தரையில் விழுந்து இரண்டான நாளிலிருந்து மாமியார் அதிகம் பேசவில்லை. பொக்கை வாயைக் காட்ட அவருக்கு மானப் பிரச்சினை. அந்த அமைதியை இரண்டு மருமகன்களும் உள்ளூர ரசித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும்.

ஆனால் இன்று மாலை குடியிருப்புச் சங்கத் தேர்தல். செயலாளர் பதவிக்கு மாமியாரும் கீழ்வீட்டு வக்கீலும் போட்டி. இருவரும் மேடையேறிப் பேசியாக வேண்டும். பல் இல்லாவிட்டால் வக்கீல் பேசாமலே ஜெயித்துவிடுவார்.

பெரிய மருமகன் பல்செட் செய்யும் லேப் வைத்திருந்தார். சின்னவன், இருந்த வேலை போனபின் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வந்தவன். மாமியாரின் பல்வரிசையை அந்தக் கம்ப்யூட்டரில்தான் வரைந்திருந்தார்கள். ஒன்று குதிரைப்பல், இன்னொன்று எலிப்பல் என்று அவர் திருப்பித் திருப்பி அனுப்பி, கடைசியில் ஒருவழியாகத் தலையாட்டினார். அதற்கு அளவெடுத்தபோது அவர் கடித்த கடியில் பெரியவரின் விரல் இன்னும் நீலமாக இருந்தது. வெறும் ஈறு செய்த வேலை அது.

"இந்தப் படம் பத்திரமா இருக்குமா?" என்று மாமியார் தலையாட்டிய அன்றே கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டு டிஸ்க் இருக்கு அத்தை. எதை எழுதினாலும் ரெண்டுலயும் எழுதும். ஒன்னு போனா இன்னொன்னு தாங்கும்," என்றான் சின்னவன்.

"நானும் அதுக்குத்தான் ரெண்டு மருமகன் வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் பெரியவரைப் பார்த்தார். சின்னவனுக்குச் சுருக்கென்றது.

இன்று காலை டிஸ்க்குகளில் ஒன்று முனக ஆரம்பித்தது. சின்னவனோ மாமியாருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்தபடியே பெரியவருக்குப் போன் போட்டான். "அண்ணா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு, வலதுபக்க டிஸ்கைக் கழட்டிட்டு, அந்தத் தட்டுலயே புதுசைச் சொருகிடுங்க. மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்."

வந்தவன் மெஷினைப் போட்டுப் பார்த்தான். ஒரு டிஸ்க் படிக்கவே மறுத்தது. இன்னொன்று நன்றாகச் சுற்றியது, ஆனால் அதில் ஒரு பார்ட்டிஷன்கூட இல்லை. அறைகள் பிரித்துக் கட்டிய வீட்டுக்குள் போனால் வெறும் பொட்டல் கிடப்பதுபோல் இருந்தது.

"என்ன தம்பி, பல்லைக் காணோமா?" என்றார் பெரியவர். கேட்கும்போதே நீல விரலை மற்றொரு கைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பார்ட்டிஷனையே காணோம் அண்ணா."

மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? வேலையும் இல்லாதவன், வாக்கும் இல்லாதவன் என்று ஆகிவிடுமே. பழைய பார்ட்டிஷன்களை அதே அளவில் திரும்பப் போட்டுப் பார்க்கலாமென்று கட்டளையைத் தட்டிவிட்டான். எண்டர் மட்டும் பாக்கி. எதற்கும் இருக்கட்டும் என்று திரையில் தெரிந்த டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த புது டிஸ்க்கின் அட்டைப்பெட்டியிலும் அதே நம்பர்.

காலியாக இருந்தது புதுசு. புதுசு காலியாகத்தானே இருக்கும்.

"அண்ணா, எந்தப் பக்கத்துல இருந்ததைக் கழட்டினீங்க?"

"நீ சொன்ன வலதுதான்." பெரியவர் கம்ப்யூட்டருக்கு எதிரே நின்று இடதுபக்கத் தட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இது இடது அண்ணா."

"நமக்கு இடது. அதுக்கு வலது. நம்மளப் பாத்துட்டு உக்காந்திருக்குல்ல? வாயில பல்லை எண்ணறப்ப வலதுன்னா பேஷண்டோட வலதுதானே. இத்தனை வருஷமா நான் அப்படித்தான் எண்ணறேன்."

சின்னவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அப்ப கழட்டினது நல்ல டிஸ்க். எங்க அது?"

அது ஓர் ஈரமான மாவுக்கட்டு அச்சின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. நல்ல கனம், வீணாக்க மனசு வரவில்லை என்றார் பெரியவர்.

துடைத்து, அதன் பழைய தட்டிலேயே சொருகி, முனகியதை வெளியே எடுத்துவிட்டு, அதனிடத்தில் புதியதை வைத்து மெஷினை எழுப்பினார்கள். நல்ல டிஸ்க்கை மட்டும் நம்பி ஒற்றைக்காலில் எழுந்து நின்றது. பார்ட்டிஷன்கள் வந்தன, மாமியாரின் பல்வரிசையும் வந்தது. பல் கடையும் இயந்திரம் ஒருபுறம் ஓட, புது டிஸ்க்கிலும் பார்ட்டிஷன் போட்டு ஜோடி சேர்த்தான் சின்னவன்.

கூட்டம் தொடங்கும் நேரத்தில் மாமியார் பல்லை மாட்டினார். மாட்டியதும் முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு லேட்டு? யார் தப்பு?"

பெரியவர் நீல விரலைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். சின்னவன் முந்திக்கொண்டான். "என் தப்புதான் அத்தை. சரியா விளக்கிச் சொல்லல."

"இல்ல அத்தை, நான்தான் தப்பாக் கழட்டினேன்," என்றார் பெரியவர்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தமுறை சின்னவன் மேலும் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "பரவால்ல. ரெண்டும் வேலை செய்யுது," என்றார்.

மாமியார் தாடையை அசைத்துப் பார்த்தார். "வலதுபக்கம் மட்டும் லேசா இடிக்குது."

பெரியவர் அரத்தை எடுத்தார். சின்னவன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அத்தை, விரலை வச்சுக் காட்டிடுங்க."