மூன்றாம் பாகத்து ஊர்

மதியக் காட்சி இரண்டே முக்காலுக்கு. எல்லம்மா பன்னிரண்டரைக்கே மேனாம்பேட்டில் சாராளின் வாசலில் வந்து நின்றாள். தலையில் கனகாம்பரம்.

"இன்னும் சர்ச்சுப் புடவையக்கூட மாத்தல. கெளம்புமே."

"தலைய வலிக்குதுக்கா. அடுத்த வாரம் போலாமே."

"அடுத்த வாரம் படம் இருக்கணுமே. தலவலிக்கு டீ குடிச்சுக்கலாம் வா."

சாராளுக்குத் தலை வலிக்கவில்லை. பயம்.

இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்குரூ கம்பெனியில் வேலை. சாப்பாட்டு வேளையில் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாராள் கதை படிப்பாள். எல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்து பாகம் கொண்ட மாயக் கதை அது. ஏழு காற்றுகளைக் குடங்களில் அடைத்துக் காவல் காக்கும் ஏழு சகோதரிகள். வாடகை நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வந்தாள். மூன்றாம் பாகம் மட்டும் அங்கே இல்லை. யாரோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை.

இரண்டாம் பாகம் முடிந்த மறுநாள் காலை கம்பெனி கேட்டிலேயே எல்லம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏழாவது பொண்ணு தண்ணில உழுந்தாளே, பொழச்சாளா?"

புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்ல சாராளுக்கு வாய் வரவில்லை. நான்காம் பாகத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, மனதில் தோன்றியதைப் படித்தாள். ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தாள். பதினோரு நாள் ஓடியது.

ஏரிக்கு அடியில் ஓர் ஊர். அங்கே பேசினால் சத்தம் வராது. சொல் குமிழியாகி மேலே போகும். மேலே ஓடத்தில் ஒருவன் வலையோடு காத்திருப்பான். பிடித்த குமிழியைக் காதருகில் வைத்து உடைப்பான். யாரோ யாரையோ கூப்பிடும் குரல் கேட்கும். கூப்பிடப்பட்டவரின் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவான்.

அந்தப் பதினோரு நாளும் எல்லம்மாவின் சோறு தூக்கிலேயே காய்ந்தது. ஐந்து பாகத்திலும் அவளுக்குப் பிடித்தது அந்த ஊர்தான். இப்போது கதை படமாகி, பூந்தமல்லிக்கும் வந்துவிட்டது.

எல்லம்மாவின் மகன் பட்டாளத்தில் இருந்தான். அவன் போடும் கடிதங்களைச் சாராள்தான் படித்துச் சொல்வாள். அந்த ஊர் புத்தகத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டால், இனி ஒவ்வொரு கடிதத்துக்கும் எல்லம்மா தாளைப் பார்க்க மாட்டாள். சாராளின் முகத்தைப் பார்ப்பாள்.

பஸ்ஸில் சாராள் மெல்ல ஆரம்பித்தாள்.

"படத்துல எல்லாத்தையும் காட்ட மாட்டாங்கக்கா. மாத்திருவாங்க."

"ஊரை எப்படிமே உடுவான்? அதுதான கதையே."

கொட்டகையில் விளக்கு அணைந்தது. ஏழு சகோதரிகள் மூன்று பேராகியிருந்தார்கள். காற்றை மூட்டை கட்டி விற்கப் பார்க்கும் ஒரு சமையல்காரன் புதிதாக முளைத்திருந்தான். எல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூத்தவள் முதல் குடத்தைத் திறந்தாள். பஞ்சு மேகங்கள் தரையைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தன. தாவணிகள் பறந்தன. மேலே கேபின் துவாரத்திலிருந்து வந்த வெளிச்சத்தில் தூசியும் அதே பக்கமாக மிதந்தது. மின்விசிறிக் காற்றா, திரைக்காற்றா என்று சாராளுக்குப் புரியவில்லை. பயத்தை மறந்து வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

கடைசிப் பெண் ஏரியில் விழுந்தாள். திரை முழுக்க நீலம். அவள் கூந்தல் மெதுவாக விரிந்தது. இடைவேளை.

எல்லம்மா சாராளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். முறுக்கு வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"வரப்போவுது."

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"படம் உட்டதும் சொல்லு."

மறுபடி விளக்கு அணைந்தபோது அந்தப் பெண் ஒரு மலைமேல் நடந்துகொண்டிருந்தாள். கூந்தல் காய்ந்திருந்தது.

ஊர் வரவில்லை. வராது என்று சாராளுக்குத் தெரியும். அவளே கட்டிய ஊர். இருந்தும் திரையில் கொஞ்சம் நீலம் தெரிந்தால் போதும், எல்லம்மாவோடு அவள் கழுத்தும் முன்னே நீண்டது. கடைசிக் காற்றும் குடத்துக்குத் திரும்பியது. படம் முடிந்தது.

கதவுகளைத் திறந்தார்கள். வெயில் நாற்காலிகளின்மேல் வந்து படுத்தது. எல்லம்மா வெளியே வந்து, நேராகக் கேபினுக்குப் போகும் இரும்புப் படியில் ஏறினாள். ஆப்பரேட்டர் கோதண்டம் மேல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, இன்டர்வெல்லுக்கு அப்பால ஒரு ரீலை முழுங்கிட்டியே."

"பதினாறு ரீல் வந்துச்சு. பதினாறும் ஓட்டிட்டேன்மா."

"போன மாசம் ரெண்டு பாட்டை வெட்டிட்டு ஊட்டுக்கு ஓடனியே, எனக்குத் தெரியாதா?"

"அது பாட்டு. கதைல நான் கைய வெக்க மாட்டேன். எந்த சீனு, சொல்லு."

எல்லம்மா சொன்னாள். ஏரியைச் சொன்னாள், குமிழியைச் சொன்னாள். வலையை வீசும்போது கையையும் வீசினாள். போய்க்கொண்டிருந்தவர்கள் படியடியில் நின்றார்கள்.

"அந்த சீனு கீது," என்றார் சைக்கிளோடு நின்ற ஒருவர். "நான் மெட்ராஸ்ல பாத்தேன். பெரிய கப்பலே வரும்."

"கப்பல் இல்லய்யா, ஓடம். பாக்காதவன்லாம் பேசாத."

சாராள் மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன கதைதான். ஆனால் அவள் சொல்லாத நாய் ஒன்று ஓடத்தில் ஏறியிருந்தது. குமிழி வந்தால் அதற்குத்தான் முதலில் தெரிந்தது. எல்லாக் குமிழியும் மேலே வந்து சேருவதில்லை, சிலது வழியிலேயே உடைந்துவிடும் என்றாள் எல்லம்மா. சாராள் அதையும் புதிதாகக் கேட்டாள். எல்லம்மா சொன்னதில் அந்த ஊர் இன்னும் கீழே, இன்னும் அமைதியாக இருந்தது.

கோதண்டத்தின் டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அந்த மாதிரி ஒரு ரீல் வந்திருந்தா," என்றார் அவர், "இந்த மிஷினை உட்டுட்டு உள்ள போய் உக்காந்து பாத்திருப்பேம்மா. நெஜமாவே புக்குல கீதா?"

"மூணாவது பாகம். இதோ இவதான் படிச்சா. ஒரு எழுத்து உடாம."

"நான் படிச்சே ஆவணும். எந்தப் பக்கத்துல?"

எல்லோரும் சாராளைப் பார்த்தார்கள்.

"அக்கா, அது வந்து..."

எல்லம்மா திரும்பினாள். முகமெல்லாம் பெருமை.

"இன்னா கூச்சம்? அவரு நம்ப மாட்டேன்றாரு பாரு. எந்தப் பக்கம்னு சொல்லுமே."