அந்தப் பார்வைக்கு அர்த்தம் பூனை

அக்கா, டிசம்பர் வந்தால் போர்வைக்குள் சுருண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே நீ பார்ப்பாயே கிறிஸ்துமஸ் காதல் படங்கள், அவற்றை இங்கே ஜூலை மாதத்தில்தான் எடுக்கிறார்கள். வான்கூவரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கதாநாயகி கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறாள். தரையில் கிடக்கும் பனி வெறும் வெள்ளைப் போர்வையும் காகிதத் தூளும். அதைப் பரப்புவது என் வேலை. மேலிருந்து விழும் பனி சோப்பு நுரை. அதற்கான மெஷினைப் பிடித்திருப்பதும் என் வேலை. போன வருடம் ஒரு காட்சியைப் பார்த்து அழுதேன் என்றாயே, அதில் நாயகி கன்னத்தில் வழிந்தது கண்ணீர் இல்லை. என் நுரை கண்ணில் பட்டு எரிந்துவிட்டது.

இந்தப் படங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. காதலிக்கிறேன் என்று கடைசி வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பார்க்கலாம். பெருமூச்சு விடலாம். முகத்தருகே முகத்தைக் கொண்டுபோகலாம். உதடு நெருங்கும்போது போன் அடிக்க வேண்டும், இல்லையென்றால் நாய் குரைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் அடுப்பில் பிஸ்கட் கருக வேண்டும். எங்கள் டைரக்டர் டேல் ஹட்சின்ஸ் இதைப் பற்றிப் பேசும்போது சாமியார் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

"சொல்லாத வரைக்கும்தான் அது காதல். சொல்லிட்டா வெறும் தகவல்" என்பார்.

அவருடைய மனைவி பிரிந்துபோகும் தகவலை வக்கீல் மூலம்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததாம். மேக்கப் வண்டியில் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் நொரீனைப் பற்றியது. காட்சிக்கு லைட் வைக்க நேரம் பிடிக்கும். அதுவரை நாயகனும் நாயகியும் ஏசி வண்டியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில், அவர்கள் உயரத்தில், அவர்கள் முடி நிறத்தில் வேறு இரண்டு பேர் நிற்பார்கள். செகண்ட் டீம் என்று பெயர். நாயகிக்குப் பதில் நொரீன், நாயகனுக்குப் பதில் கேவின். படத்துக்குப் படம் இந்த இருவரைத்தான் கூப்பிடுவார்கள். மூக்கும் மூக்கும் உரசும் தூரத்தில், மூச்சு மேலே பட, அசையாமல் நிற்பார்கள். லைட் சரியானதும் "ஃபர்ஸ்ட் டீம்!" என்று கத்துவார்கள். அந்த நொடியே விலகிவிட வேண்டும். நடிகர்கள் வந்து அதே இடத்தில் நின்று முத்தத்துக்குத் தயாராவார்கள்.

பல வருடமாக இப்படி நின்றால் என்ன ஆகும்? நொரீனுக்கு ஆகிவிட்டது. அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. யூனிட் முழுக்க இதை ஒரு காவியம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி நாள் ஷூட்டிங். காலையில் சாப்பாட்டு மேஜையில் நொரீன் தர்பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாள்.

"மதி, எங்கக்கா வின்னிபெக்ல பேக்கரி வச்சிருக்கால்ல? கூட வந்து நடத்துடின்னு கூப்பிடறா. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லணும். இல்லன்னா வேற ஆள் பாத்துப்பா."

"போக வேண்டியதுதானே?"

"கேவின் ஏதோ சொல்ல வர்றான் மதி. வாரம் பூரா பாக்கறேன். வாயைத் திறக்கறான், மூடிக்கறான். அந்தக் கண்ணைப் பாத்தியா நீ?"

"கண்ணைப் பாத்து என்ன பண்றது? நீங்களே கேட்டுடுங்க."

"சீ, கேட்டா அழகே போயிடும். அவனா சொல்லணும். ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் இங்கயே இருந்துடுவேன்."

"சொல்லலன்னா?"

அவள் தர்பூசணியைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். படித்தவள், தனியாக வீடு வாங்கியவள், கார் டயரைத் தானே மாற்றுகிறவள். அவள் மூளையில் கூட என் சோப்பு நுரைதான் கொட்டியிருந்தது.

பூங்கா நடுவில் இருக்கும் மண்டபத்தில் கடைசிக் காட்சி. நான் ஏணியில் நுரை மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். கீழே நொரீனும் கேவினும் நெருங்கி நின்றார்கள். அவன் அவளையே பார்த்தான். புருவம் சற்று மேலே ஏறியிருந்தது, உதடு பிரிந்திருந்தது, தொண்டை ஏறி இறங்கியது. டேல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நாயகனைக் கூப்பிடுங்க! இதப் பாருய்யா. இந்தப் பார்வைதான் எனக்கு வேணும். மனசுல ஒரு கடல் இருக்கு, கரைக்கு வரமாட்டேங்குது. பாத்துக்கோ, இதையே செய்!"

நாயகன் வண்டி வாசலில் நின்று சூயிங்கம் மென்றுகொண்டே பார்த்தான்.

அப்போது கேவின் மெதுவாக, "நொரீன், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"ஃபர்ஸ்ட் டீம்!" என்று யாரோ கத்தினார்கள்.

கேவினின் கால் தானாக விலகியது. அதுதான் பழக்கம். நொரீன் அவன் கோட்டைப் பிடித்து இழுத்து மறுபடி நிறுத்தினாள்.

"கேட்டுட்டுப் போ."

"கூப்பிட்டாங்களே..."

"கூப்பிடட்டும். கேளு."

கதாநாயகி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றாள். நான் ஏணியில் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன். யாராவது சத்தம் போட்டால் எனக்கு என் விசாதான் ஞாபகம் வரும்.

கேவின் குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கால்கரில ஒரு சீரியல்ல வேலை கிடைச்சிருக்கு. ஆறு மாசம். அங்க தர்ற வீட்ல பூனைக்கு அனுமதி இல்லையாம். அதான்... என் பூனையை நீ வச்சுப்பியான்னு..."

"பூனையா?"

"உனக்குத்தான் அதப் பிடிக்குமே."

"வாரம் பூரா வாயைத் திறந்து திறந்து மூடினியே, அது இதுக்கா?"

"நீ ஒத்துப்பியோ மாட்டியோன்னு தயக்கம்."

நொரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, இன்றைய தேதி என்ன என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"நான் உன்னை விரும்பறது உனக்குத் தெரியுமா கேவின்?"

அவன் நெளிந்தான். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா. எல்லாருக்கும்தான் தெரியுமே. நீயும் சொல்லல, நானும் கேக்கல. அப்படியே நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

"யாருக்கு நல்லா போச்சு?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"எங்கக்கா கூப்பிடறதும் தெரியும்ல உனக்கு? போன மாசமே சொன்னேனே."

"தெரியும். ஆனா நீ போகமாட்டேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் அக்கா, அந்தக் கடல். ஓசியில் ஒருத்தி உருகிக்கொண்டிருப்பது சுகமாக இருந்திருக்கிறது. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லும் சிரமம் கூட அவன் படவில்லை. நாங்கள் எல்லோரும் அதை ஆழம் என்று நினைத்துத் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

டேல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நொரீன், எல்லாத்தையும் இப்படிப் போட்டு உடைச்சுட்டியே! எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"உங்களுக்கு அழகா இருந்துச்சு டேல். நான்தான இங்க நின்னுட்டிருந்தேன்." தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கேவின் தோளில் போட்டாள். "பூனையையும் நீயே கூட்டிட்டுப் போ."

நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். பெரிய தர்பூசணித் துண்டாக எடுத்துக் கடித்துக்கொண்டே போன் போட்டாள். "அக்கா, வர்றேன். ஆமா, உறுதியாத்தான். இல்லடி, அழல, வாயில பழம்" என்றது எனக்குக் கேட்டது. அழுதாளா இல்லையா என்று ஏணியிலிருந்து தெரியவில்லை.

காட்சியை எடுத்தார்கள். நாயகன் புருவத்தை ஏற்றினான், உதட்டைப் பிரித்தான், தொண்டையை ஏற்றி இறக்கினான். அச்சு அசல் கேவின். டேல் மானிட்டர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நுரையைக் கொட்டினேன். டிசம்பரில் அது உன் டிவிக்கு வரும். அழுவதானால் அழு. ஆனால் அந்த முகத்தில் தெரிவது, ஆறு மாதத்துக்குப் பூனையை யார் தலையில் கட்டுவது என்ற கவலை. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

போர்வைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேவின் என் பக்கத்தில் வந்து நின்றான். புருவம் சற்று ஏறியிருந்தது. உதடு பிரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"மதி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்..."

என் பயந்த சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. யார் என்ன கேட்டாலும் சிரித்துவிட்டு அப்புறம் தனியாகப் புலம்புகிறவள் நான். அன்றைக்கு மட்டும் அவன் கேட்டு முடிக்கும் வரை கூடக் காத்திருக்கவில்லை.

"முடியாது" என்றேன். "அந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."