மேனேஜர் மறந்த விதி

வேறொருவன் கெடுத்து வைத்ததைத் துடைக்க, ஆட்டத்தின் நடுவில் அழைப்பார்கள். பேஸ்பாலில் மாற்று வீச்சாளன் பிழைப்பு இதுதான். அன்று எனக்கு அந்த வேலையும் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். தோள் குணமாகி ஒரு பொடியன் மறுநாள் அணிக்குத் திரும்புகிறான். அவனுக்கு இடம்விட்டு யாராவது கிளம்ப வேண்டும். முப்பத்தெட்டு வயதான என்னைவிட வசதியான ஆள் யார்?

எனவே மைதான மூலையில், மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் எங்கள் கொட்டகையில், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று, எங்களுக்கு ஒரு ரன் முன்னிலை. எதிரணியில் ஒருவன் அவுட், இன்னும் இருவர் அவுட்டானால் ஆட்டம் எங்களுக்கு; ஆனால் மூன்று தளத்திலும் ஆள். எங்கள் வீச்சாளன் டெல்காடோ தடுமாறினான். பயிற்சியாளர் போய்த் தட்டிக்கொடுத்து வந்தார். இரண்டு பந்து கழித்து மேனேஜர் ஹாலிஸும் எழுந்து நடந்தார்.

"ஐயையோ, இந்தாளு எங்க போறாரு?" என்று அலறினான் பெனிட்டோ, கொட்டகையில் நாங்கள் வீசிப் பழகும் பந்தைப் பிடிக்கும் கேட்சர்.

ஒரே சுற்றில் இரண்டாம் முறை யாராவது போய் வீச்சாளனிடம் பேசினால் அவனை மாற்றியே ஆக வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஹாலிஸ் மறந்துவிட்டார். அம்பயர் கைகாட்டியதும் மனிதர் முகம் பேயறைந்தது போல் ஆனது. கொட்டகையில் ஒருத்தனும் பந்து வீசிக் கையைச் சூடாக்கியிருக்கவில்லை. அடுத்து அடிக்க வருபவன் இடது கைக்காரன்; அவனை மடக்க இடது கை வீச்சுதான் சரி. இருந்த ஒரே இடது கை வீச்சாளன் நான்.

"ஆர்லன், வாயில இருக்கிறத துப்பிட்டு ஓடுடா!" என்று என்னைத் தள்ளினான் பெனிட்டோ.

ஓடினேன். என் முதல் பந்து, அடித்துக்கொள் என்று கெஞ்சியபடி இடுப்புயரத்தில் போனது. அவன் விளாசியது நேராக எங்கள் ஆள் கையுறைக்குள் விழுந்தது. அதற்குள் தளத்தை விட்டு ஓடிவிட்ட இன்னொருவன் திரும்புவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர, அவனும் அவுட். ஆட்டம் முடிந்தது.

ஹாலிஸைச் சுற்றி மைக்குகள். "மறதியா? நல்லா கேட்டீங்க! அந்த இடது கைக்காரனுக்கு ஆர்லன்தான்னு மதியமே முடிவு பண்ணிட்டேன்."

ஒரு நிருபர் என்னிடம் திரும்பினாள். "உங்ககிட்ட சொன்னாரா?"

ஹாலிஸின் கண்கள் என்மேல் நிலைத்தன. வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"சாப்பிடும்போதே சொல்லிட்டாருங்க. படம் வரைஞ்சே காட்டினாரு."

மறுநாள் தோள் குணமான பொடியனுக்கு இடம்விட்டு, எனக்குப் பதில் டெல்காடோ பெட்டியோடு கீழ் லீக்குக்குப் போனான். பாவம், நல்ல பையன். ஹாலிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளைக்குடா இதையே சொல்லுவ?"

"நீங்க என்னை வச்சிருக்கிற வரைக்கும், பாஸ்."