இருநூற்றுப் பதின்மூன்றாவது கோப்பு

காலை ஒன்பது இருபதுக்கு றிஸ்னி அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். முந்திய நாள் மாலை அவள் ஒழுங்குபடுத்தியது கொஸ்லந்தத் திட்டத்தின் வரைபடங்களை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆனால் கணினியில் வந்திருந்த அறிக்கை, வகை மாறிய கோப்புகள் இருநூற்றுப் பதின்மூன்று என்றது.

ஒன்று கூடுதல். எண்ணிக்கையில் ஏதோ பிசகு என்று விட்டுவிடலாம். அவளால் முடியவில்லை.

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் தடுப்புச்சுவர், வடிகால், வீடு ஆகியவற்றுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியின் பதுளை அலுவலகத்தில் அவள் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். வரைவது அவள் வேலை இல்லை. வரைந்து முடிந்ததைப் பாதுகாப்பதும் உரிய ஆளிடம் சேர்ப்பதும்தான். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. அதில் ஒவ்வொரு கோப்பும் ஒரு வகைக்குள் இருக்க வேண்டும்: வரைவு, சரிபார்ப்பில், கட்டுவதற்கு, பழையது. 'கட்டுவதற்கு' என்ற வகைக்குள் ஒரு கோப்பு விழுந்தால் அது வேலைத்தளத்தில் இருக்கும் 'டெப்' என்ற கைக்கணினிக்குத் தானாகவே போய்விடும். மற்ற மூன்றும் அலுவலகத்தைத் தாண்டாது.

ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கையால் பிரிக்க முடியாது. அதனால் விதிகள். கோப்பின் பெயர் இப்படி இருந்தால் இந்த வகைக்குள் போடு என்று கணினிக்குச் சொல்லி வைப்பது. அந்த விதிகளை எழுதும் அதிகாரம் பதுளையில் றிஸ்னிக்கு மட்டும்தான் இருந்தது.

கொஸ்லந்தப் பொறியியலாளர்கள், ஒப்புதல் கிடைத்த மூன்றாவது திருத்தத்தின் பெயர் முடிவில் 'சி' என்று போடுவார்கள். ஆகவே நேற்று அவள் எழுதிய விதி எளிமையானது: பெயர் 'சி' என்று முடிந்தால் 'கட்டுவதற்கு'. அதன் கீழே எந்தத் திட்டத்துக்கு என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. இப்போது அதைத் திறந்து பார்த்தாள். வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட்டால் எல்லாத் திட்டங்களுக்கும் என்று அர்த்தம்.

பட்டியலின் கடைசி வரிக்குப் போனாள்.

மடுல்சீமை, பிள்ளைக்காம்பரா தடுப்புச்சுவர், சி.

மடுல்சீமையில் அந்த எழுத்துக்கு வேறு அர்த்தம். அங்கே பொறியியலாளர் ஒரே சுவருக்கு மூன்று யோசனைகள் வரைந்திருந்தார். ஏ, பி, சி. 'ஏ' என்பது மண்ணை ஆறடி அகலத்துக்கு மட்டும் வெட்டி, அந்த இடத்தில் சுவரைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த ஆறடிக்குப் போவது. ஒப்புதல் கிடைத்தது அதற்குத்தான். 'சி' என்பது அறுபதடி அகலத்தையும் ஒரே மூச்சில் செங்குத்தாக வெட்டிவிடுவது. மண் பொலபொலவென்று இருக்கிறது, இது ஆகாது என்று முதல் கூட்டத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். வரைவுகளோடு வரைவாகக் கிடந்திருக்க வேண்டிய கோப்பு. ஒரு சுவருக்கு ஒரு வரைபடம்தான் 'கட்டுவதற்கு' என்று இருக்கலாம் என்பதால், 'சி' உள்ளே வந்ததும் 'ஏ'யைக் கணினி 'பழையது' என்று தள்ளியிருந்தது.

அதை டெப்பில் யார் எடுத்தார்கள் என்று பார்த்தாள். இராசையா, வேலைத்தள மேற்பார்வையாளர். காலை ஏழு நாற்பத்திரண்டு.

வெட்டப் போகும் சரிவுக்கு மேலே இருந்தது பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அதற்குப் பின்னால் ஒரு லயம், தொழிலாளர் வீடுகளின் வரிசை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. அலுவலகத் தலைவரான பொறியியலாளர் முஸ்தாக் தன் அறையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தாள். துடைத்த கண்ணாடியை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை.

"முதல்ல வகைய மாத்து."

"மாத்திட்டேன் சேர். ஆனா டெப் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தாத்தான் அங்க மாறும். அவரு காலைல எடுத்துக்கிட்டு சரிவுக்குள்ள எறங்கியிருப்பாரு."

"கோல் எடுத்தியா?"

"நாலு தரம். தொடர்பு எல்லைக்கு வெளியேங்குது. தோட்ட ஒபிஸ்லயும் யாரும் எடுக்குறாங்க இல்ல."

முஸ்தாக் ஜன்னலைப் பார்த்தார். பதுளையில் தூறல். மடுல்சீமையில் இதைவிடக் கனமாக இருக்கும். "மண் வெட்டுற பெக்கோ இன்டைக்கா வருது?"

"இன்டைக்கும் நாளைக்கும்தான். எட்டு மணிக்கே தொடங்கியிருப்பாங்க."

அவர் வேன் சாவியை எடுத்தார். பசறை வழியாக எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தப் பாதையில் இரண்டு மணித்தியாலம் ஆகும். இருவருக்கும் தெரியும்.

"சேர், லயத்து ஆக்கள்ட நம்பர் இருக்கு. கணக்கெடுப்புல எழுதினது."

"அது பூட்டி வெச்ச வகை. ஆக்கள்ட சொந்த விவரம். எழுத்துல அனுமதி இல்லாமத் திறந்தா கொழும்பு ஹெட் ஒபிஸ்ல இருந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அவர் கதவருகில் ஒரு கணம் நின்றார். "யார்ட பிழை, என்ன பிழைன்னு ஃபோன்ல ஒன்னும் பேசாத. வேலைய நிப்பாட்டுங்கன்னு மட்டும் சொல்லு." படிகளில் அவர் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கியது.

றிஸ்னி பூட்டிய வகையைத் திறந்தாள். திறந்தது யார், எத்தனை மணிக்கு என்று கணினி பதிந்துகொண்டது. பட்டியலில் முப்பத்தொரு குடும்பம். மேலிருந்து தொடங்கினாள். முதல் எண் பாவனையில் இல்லை. இரண்டாவது அடித்து அடித்து நின்றது. மூன்றாவதை எடுத்த கிழவருக்குக் காது கேட்கவில்லை. "மகன் கொழும்புல, மகன் கொழும்புல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பகல் வேளை, ஆட்களெல்லாம் மலையில். எட்டாவது எண்ணில் ஒரு பெண் குரல், பின்னால் குழந்தைகளின் அழுகை.

"யாருங்க?"

"நான் பதுளைல இருந்து, சுவர் கட்டுற கம்பனில இருந்து பேசுறேன். நீங்க யாரு?"

"நான் கலாராணிங்க. பிள்ளைக்காம்பராவுல இருக்கேன். பிள்ளைங்களப் பாத்துக்கிறது நான்தான்."

"அக்கா, கீழ பெக்கோ வேலை செய்யுதா?"

"ஆமாங்க. எட்டு மணியிலருந்து வெட்டுறாங்க. தரையெல்லாம் அதிருது."

"எத்தனை பிள்ளைங்க உள்ள இருக்கு?"

"பதினொன்னு. ஏன் கேக்குறீங்க?"

"எல்லாரையும் இப்பவே வெளிய கொண்டு போங்க. சரிவுப் பக்கம் வேணாம், ரோட்டுப் பக்கம். பிறகு கீழ போய் வேலைய நிப்பாட்டச் சொல்லணும். அவங்க வெட்டுறது பிழையான முறை."

காரணம் கேட்பாள் என்று றிஸ்னி பயந்தாள். கலாராணி கேட்கவில்லை. "வைக்காதீங்க" என்றாள். தொலைபேசியை எங்கோ வைத்த சத்தம். அதன் பிறகு அவள் யாரையோ உரக்கக் கூப்பிடுவதும், தகரக் கதவு மோதுவதும், ஒரு குழந்தை வீறிட்டு அழுவதும் கேட்டன. பின்னணியில் இயந்திரத்தின் உறுமல் விட்டு விட்டு வந்தது. றிஸ்னி மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். குழந்தைகளின் சத்தம் தூரமானது. பிறகு இயந்திரம் மட்டும்.

பதினாறு நிமிடம் அப்படியே நின்றாள்.

திடீரென்று மூச்சிரைக்கும் ஆண் குரல். "ஹலோ, இராசையா பேசுறேன். இந்தம்மா வந்து பெக்கோவுக்கு முன்னுக்குப் போய் நிக்கிது. மேல ஃபோன்ல ஆள் இருக்குன்னிச்சி, ஏறி வந்தேன். என்னங்க மிஸ் இது?"

"இராசையா அண்ணே, வேலைய நிப்பாட்டுங்க."

"எதுக்கு?"

"நிப்பாட்டுங்க. முஸ்தாக் சேர் வந்துக்கிட்டிருக்காரு."

"அவரு வரட்டும். மெஷின் ரெண்டே நாள்தான் நம்ம கையில. மழை வலுத்துச்சுன்னா ஒரு அடி வெட்ட முடியாது. டெப்புல 'கட்டுவதற்கு'ன்னு போட்டிருக்கு. நான் போன கிழமையே ஏ படத்த வச்சிருந்தேன், நீங்கதான் அத எடுத்துட்டு சி போட்டிருக்கீங்க. ஒபிஸ்ல யோசிச்சுத்தானே மாத்துவீங்க? ஃபோன்ல நிப்பாட்டுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தவறில்லை. 'கட்டுவதற்கு' என்று இருந்தால் கேள்வி கேட்காமல் கட்டுங்கள் என்று பயிற்சி வகுப்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே றிஸ்னிதான். முஸ்தாக் சொல்லிவிட்டுப் போனது நினைவில் இருந்தது. அவள் ஒரு முறை மூச்சை இழுத்தாள்.

"யாரும் யோசிச்சு மாத்தல்ல. நான் எழுதின விதி பிழை. கொஸ்லந்தத் திட்டத்துக்கு எழுதினது உங்கட படத்தையும் இழுத்துக்கிட்டு வந்திருச்சி. சி, வேண்டாம்னு தள்ளின படம். அப்படி வெட்டினா மேல இருக்கிறது கீழ வரும்."

மறுமுனையில் இராசையா நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஒங்க பேரச் சொல்லுங்க. நேரத்தையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"பாத்திமா றிஸ்னி. பத்து பத்து."

அவர் அங்கிருந்தே கீழே பார்த்துக் கத்தினார். இயந்திரத்தின் உறுமல் இருமி இருமி அடங்கியது.

"எவ்வளவு வெட்டியாச்சு அண்ணே?"

"இருபத்தஞ்சு அடி இருக்கும்." அவர் குரல் இறங்கியிருந்தது. "மிஸ், இங்க காம்பரா வாசல் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு. காலைல நான் பாக்கலையே."

"எல்லாரையும் தள்ளி வைங்க. லயத்து ஆக்களையும்."

முஸ்தாக் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. லயத்தில் இருந்தவர்களைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றினார். மலையிலிருந்து ஓடி வந்த தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். இரண்டேகாலுக்கு, வெட்டிய இடத்துக்கு மேலே இருந்த மண் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிள்ளைக்காம்பராவின் முன்சுவரும் தொட்டில்கள் கட்டியிருந்த அறையும் அதோடு போயின. நின்றுகொண்டிருந்த பெக்கோவின் கை வரை மண் மூடியது. மண்ணுக்குள் ஒருவரும் அகப்படவில்லை.

பதுளையில் அந்தச் செய்தியைக் கேட்ட றிஸ்னி முகம் கழுவப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அப்படியே நின்றாள். தொட்டில்கள் இருந்த அறை என்று முஸ்தாக் ஃபோனில் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் அவள் மடுல்சீமைக்குப் போனாள். போக வேண்டியதில்லை என்று முஸ்தாக் சொல்லியும் கேட்கவில்லை. கலாராணி மண்டபத்து வாசலில் ஒரு குழந்தைக்கு விசுக்கோத்தைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு.

"நான்தான் றிஸ்னி. நேத்து பேசினது."

கலாராணி நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று கூட வந்திருந்த முஸ்தாக் நினைத்திருக்கக்கூடும். அவர் லேசாகப் புன்னகைத்தார்.

"பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடுறப்ப யாரு தப்புன்னு நான் கேக்கல" என்றாள் கலாராணி. "இப்பக் கேக்குறேன்."

"என்ட பிழை. ஒரு கட்டத்த நிரப்பாம விட்டுட்டேன்."

"ஒரு கட்டம்."

"ஆமா."

கலாராணி குழந்தையின் வாயைத் துடைத்தாள். "எங்க நம்பரு ஒங்க கொம்பியூட்டர்ல இருந்திருக்கு. எங்க காலுக்குக் கீழ என்னைக்கு வெட்டுறீங்க, எப்படி வெட்டுறீங்கன்னு எங்ககிட்ட ஒருத்தர் சொல்லல. சொல்லியிருந்தா, மொத்தமா வெட்டுறீங்களேன்னு காலையிலேயே நான் கேட்டிருப்பேன். மண்ணு எப்படின்னு எனக்குத் தெரியுமுங்க. மழைக்கு வாசல்ல வழியுற மண்ண தினமும் கூட்டுறவ நான்."

றிஸ்னி தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் கொழும்புக்கு அனுப்பும் அறிக்கையில் முஸ்தாக் 'மென்பொருள் கோளாறு' என்று எழுதியிருந்தார். அவளைக் காப்பாற்றத்தான். றிஸ்னி அதைத் திருப்பிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"மென்பொருள் நான் சொன்னதத்தான் செஞ்சிச்சி சேர்."

"இத எழுதினா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"இராசையா அண்ணன்ட நோட்டுல என்ட பேர் ஏற்கெனவே இருக்கு."

அவளே எழுதிக் கையெழுத்திட்டாள். நிரப்பாமல் விட்ட கட்டம், பூட்டிய பட்டியலைத் திறந்தது, இரண்டையும். அதோடு ஒரு பக்கம் சேர்த்து எழுதினாள். இனி எந்த விதியும் ஒருவர் எழுதி இன்னொருவர் பார்த்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். 'கட்டுவதற்கு' என்ற வகையை விதி தானாகத் தரக் கூடாது, பொறியியலாளர் ஒருவர் கைப்பட மாற்ற வேண்டும். வெட்டும் இடத்துக்கு மேலே குடியிருப்பவர்களில் ஒருவருக்காவது, அவர் சம்மதத்தோடு, முதல் நாளே செய்தி போக வேண்டும்.

பதில் வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ஆறு மாதத்துக்கு விதி எழுதும் அதிகாரம் இல்லை. அவள் கேட்ட முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதை மடுல்சீமையில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றிருந்தார்கள்.

மண்ணை அள்ளி, சரிவைப் படிபடியாக்கி, புதிய வரைபடம் தயாராக இரண்டு மாதம் பிடித்தது. முஸ்தாக் அதைத் தன் கையால் 'கட்டுவதற்கு' என்று மாற்றிய பிற்பகலில், தோட்டத்துக்குச் செய்தி போனது. கால் மணி நேரத்தில் றிஸ்னியின் தொலைபேசி அடித்தது.

"கலாராணி பேசுறேங்க. செய்தி வந்துச்சு. நாளைக்கு வெட்டுறதா போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"எத்தன அடி?"

றிஸ்னி வரைபடத்தைத் திறந்தாள். "ஒரு தடவைக்கு ஆறடி. அதுல சுவர் எழும்பி முடிஞ்ச பிறகுதான் அடுத்த ஆறடி."

"எந்தப் பக்கத்துலருந்து?"

"கோயில் பக்கத்துல இருந்து."

"அங்க ஊத்து ஒன்னு இருக்கு. மழை விட்டு நாலு நாளைக்கு வடிஞ்சுகிட்டே இருக்கும். படத்துல இருக்கா?"

றிஸ்னி படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினாள். இல்லை.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே முஸ்தாக்கின் அறைக்கு நடந்தாள்.