எர்மினியா திருப்பிவைத்த முட்டைகள்

1

இந்தக் கதை கையேடாகத்தான் பிறந்தது. தலைநகரில் அலுவலகம் போட்டு எங்களை முன்னேற்றிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம், 'குறைந்த செலவில் செல்ல ஊர்வன வளர்ப்பு: தொடங்குவது எப்படி?' என்று பன்னிரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இப்படி எதையாவது எழுதித்தான் அந்தப் பட்டத்துக்குச் சோறு போடுகிறேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒஸ்மாராவைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை: 'அம்மா வரும் இடங்களை நீக்கவும்.'

ஒஸ்மாராவின் அம்மாவை நீக்கினால் மிஞ்சுவது ஒரு பெட்டியும் ஒரு பல்பும். ஆகவே கையேட்டை நீக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: நிகராகுவாவின் பொன்னிற மாலையில், ஒஸ்மாரா தன் இகுவானாக்களைக் கனிவோடு நோக்கி—

வேண்டாம். எங்கள் ஊர் நகரோத்தேயில் மாலை என்றால் புழுதி.

இரண்டாவது தொடக்கம்: முதலில் தானாக இயங்கும் வெப்பச் சீராக்கி ஒன்று வாங்கவும்.

யார் வாங்குவது? நீங்களா?

மூன்றாவது: ஒஸ்மாராவிடம் மீன்காரன் வீசிய தெர்மோகோல் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஈரமணல், ஒரு புட்டித் தண்ணீர், மூடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்ட சின்ன பல்பு. சூடு ஏறினால் மூடியை ஒரு விரல் திறப்பாள். இறங்கினால் மூடுவாள். சீராக்கி அவள்தான்.

வயது இருபத்தாறு. ஐந்து வருடம் கால்நடைப் படிப்பு, மூன்று வருடம் வேலையில்லாமை. கொல்லையில் பழைய கட்டில் சட்டத்தில் வலையடித்து இகுவானா என்கிற பச்சைப் பேரோணானில் ஓர் ஆண், ஒரு பெண் வளர்த்தாள். (அடிக்குறிப்பு போல ஒன்று: காட்டில் பிடித்தவை அல்ல, உரிமம் உள்ள பண்ணை கழித்துவிட்டவை. ஆணுக்கு வால் பாதிதான் இருந்தது. அதன் வேலைக்கு வால் தேவைப்படவில்லை.) தீனிக்கு வேலியோரச் செம்பருத்தி இலை, சந்தையில் மிஞ்சிய பூசணி.

அம்மா எர்மினியாவோடு ஓர் ஒப்பந்தம். முதல் ஈட்டு முட்டை பொரித்தால் குஞ்சுகளை ஏற்றுமதிக்காரர் எடுத்துக்கொள்வார், ஒஸ்மாரா ஊரிலேயே இருக்கலாம். பொரிக்காவிட்டால் பக்கத்து நாடு கோஸ்தா ரிக்காவுக்குப் பேருந்து. அங்கே அவள் அக்கா வீடு துடைத்துப் பிழைக்கிறாள். இவளுக்கும் ஒரு துடைப்பம் பிடித்துவைத்திருக்கிறாள்.

3

இகுவானா சினைப்பட்டு முட்டையிடுவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில். இறைச்சி ஆகாத அந்த நாற்பது நாளும் எங்கள் ஊர் இகுவானாவை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு தோன் ப்ளூதார்கோ வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"சினையா?"

"ஆமா மாமா."

"குழம்புக்கா?"

"வளக்கறதுக்கு."

"வளத்து?"

"வெளிநாட்டுக்காரங்க வாங்கி வீட்டுல வச்சுப் பாத்துப்பாங்க."

"எத்தன நாளு?"

"பதினஞ்சு வருசம்கூட."

"பதினஞ்சு வருசமும் திங்காம பாத்துக்கிட்டே இருப்பாங்களா? பாவப்பட்ட ஜனங்க."

[உங்கள் சந்தேகம் எனக்குப் புரிகிறது. முதல் வரைவில் நானும் இவரைத்தான் வேலி தாண்டித் திருடவைத்தேன். ஆனால் அவருக்கு மூட்டுவலி, சாக்கடையே தாண்டமாட்டார். பசித்தவன் மேல் பழி போடுவது எழுதுகிறவளுக்குச் சுலபம். அடித்துவிட்டேன்.]

4

முப்பத்து நான்கு முட்டை. ஓணான் இனத்து முட்டையை இட்ட வாக்கிலேயே வைக்க வேண்டும். கரு உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துப்போகலாம். அதனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். மூடியில் பெரிய எழுத்தில் 'அசைக்கக் கூடாது' என்று ஒட்டினாள். பல்பை மட்டும் பார்த்துக்கொள்ள அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொல்லையைப் பண்ணையாகப் பதிவுசெய்யத் தலைநகருக்குப் போனாள். ஒரு முத்திரைக்குப் பத்து நாள் அலையவிட்டார்கள்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தாள். ஒரு முட்டையிலும் பெருக்கல் குறி இல்லை. எல்லாவற்றிலும் வட்டம்.

"அம்மா, நான் போட்ட குறியெல்லாம் எங்க?"

"கீழ இருக்கு. காலைல அது மேல, மத்தியானத்துக்கு அப்புறம் வட்டம் மேல. நீ வட்டம் போட மறந்துட்ட, நாந்தான் போட்டேன்."

எர்மினியா நாற்பது வருடமாகக் கோழி வளர்க்கிறவள். அடைக்கோழி இல்லாமல் பல்பில் பொரிக்கும்போது ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம் போட்டு, மாற்றி மாற்றிப் புரட்டுவது எங்கள் வழக்கம். புரட்டாவிட்டால் கோழிக்குஞ்சு ஓட்டில் ஒட்டிச் செத்துவிடும்.

"எத்தன நாளா பொரட்டற?"

"நீ போனதுலேந்து. ஒரு வேள தவறல. புனித வெள்ளி ஊர்வலத்துக்குக்கூடப் போகல."

"இது கோழி முட்ட இல்லம்மா."

"தெரியும்டி. தோலு மாதிரி மெத்துன்னு இருக்கு. அதான் ரொம்பப் பதமாப் பொரட்டினேன்."

ஒஸ்மாராவின் கோபம் எரிமலையாய்—

பொய். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூடியில எழுதி ஒட்டியிருந்தேனே."

"அது எழுத்து. எனக்கெங்க தெரியும்?"

பட்டத்துக்குப் படித்த ஐந்து வருடத்தில், அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதை மகள் எப்போது மறந்தாள்? இந்தக் கேள்வி கையேட்டில் இல்லை. நானும் பன்னிரண்டு பக்கமும் எழுத்தாகவே நிரப்பியிருந்தேன்.

5

முடிவு அ: முப்பத்து நான்கும் பொரித்தன. நிறுவனம் படத்தோடு அச்சிடும்.

முடிவு ஆ: அத்தனையும் அழுகின. இலக்கியப் பத்திரிகை விரும்பி வாங்கும்.

முடிவு இ: பாதி. கோழைகள் எழுதுவது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தொலைபேசியில் அவளுடைய பழைய பேராசிரியர், "தூக்கிப் போட்டுடும்மா" என்றார். இகுவானா கொடுத்த பண்ணைக்காரர், "பொரட்டினதும் பொரிச்சிருக்கு, நான் பாத்திருக்கேன்" என்றார். மத்தியான வெயிலில் அம்மாவும் மகளும் பெட்டியோடு ஒரே போர்வைக்குள் புகுந்து, முட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

"செவப்பா நூலு மாதிரி தெரியுது பாரு. நரம்புதான்."

"தோலு மடிப்பாக்கூட இருக்கலாம்மா."

"உசிரு இருக்குடி."

"இருந்தா இனிமே தொடக் கூடாது."

"தொடல." எர்மினியா வேர்த்து வழிந்தபடி யோசித்தாள். "இப்ப வட்டம் மேல இருக்கே. இப்படியே உடறதா? இல்ல கடைசியா ஒருவாட்டி நீ வச்ச மாதிரி திருப்பிடவா?"

ஒஸ்மாரா டார்ச்சை அணைத்தாள். மறுபடியும் போட்டாள்.

"சொல்லுடி. படிச்சவ நீதான."

நான் இங்கே நிறுத்துகிறேன். மூன்று நாளாக இந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. போர்வைக்குள் காற்று இல்லை, சீக்கிரம் முடிவெடுங்கள். வட்டம் மேலேயா, பெருக்கல் மேலேயா? எது சொன்னாலும் அதோடு கையை எடுத்துவிட வேண்டும். பொரிக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை அந்த இரண்டு பெண்களும் உங்கள் பேச்சை நம்பிப் பெட்டியருகே உட்கார்ந்திருப்பார்கள்.